பக்கத்துப் பாதி

நகராட்சியிலிருந்து ஆள் வந்து எங்கள் தெருவைப் படம் எடுத்த அன்று காலையில் நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஓவர்சியர், குடிதண்ணீர்க் குழாய் விஷயமாக அவரிடம் ஏற்கனவே நான் சத்தம் போட்டிருக்கிறேன். இன்னொருத்தி மதுரையிலிருந்து வந்திருந்த பெண், கட்டடக்கலை படித்தவள். தோளில் பை, கழுத்தில் பெரிய கேமரா. அவள் எங்கள் பக்கம் பார்த்துக் கேமராவைத் தூக்கியதும் நான் வாளியைக் கீழே வைத்தேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வீட்டு முகப்பு நன்றாகத் தெரியட்டும் என்று ஓரமாக நகர்ந்து நின்றேன்.

“ஆன்ட்டி, அந்தக் கேட்டைக் கொஞ்சம் உள்பக்கமா தள்ளிக்கிறீங்களா? ஃபோட்டோவுல குறுக்க வருது,” என்றாள்.

அவள் எடுத்துக்கொண்டிருந்தது பக்கத்து வீட்டை. என் ஓரகத்தியின் வீட்டை.

பக்கத்து வீடு என்பதுகூட ஒரு பேச்சுக்குத்தான். இரண்டும் ஒரே வீடு. என் கணவரின் தாத்தா பஞ்சுத் தரகில் சம்பாதித்த காலத்தில் கட்டியது. கீழே பொதி அடுக்கும் கிட்டங்கி, மேலே குடும்பம். மாமனார் காலத்தில் வியாபாரம் போய், வீடு மட்டும் நின்றது. தன் இரண்டு மகன்களுக்குள் சண்டை வந்துவிடக் கூடாது என்று அவர் வீட்டின் நடுவில் செங்கல் சுவர் எழுப்பி, கிழக்குப் பாதியை மூத்தவருக்கும் மேற்குப் பாதியை என் கணவருக்கும் கொடுத்தார். முகப்பின் உச்சியில் சுண்ணாம்புச் சுதையில் செய்த இரண்டு கிளிகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. சுவர் சரியாக அவற்றின் நடுவில் போனது. ஆளுக்கொரு கிளி.

மூத்தவரின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் எயிடெட் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவள் ஏற்கனவே எல்லாருடைய மனசிலும் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தாள். சத்தமாகப் பேசமாட்டாள். யாரையும் குறை சொல்லமாட்டாள். சர்ச்சில் பாட்டுப் பாடும்போதுகூட மற்றவர் குரலுக்குக் கீழேதான் அவள் குரல் இருக்கும். அப்படிப்பட்டவளை என்ன சொல்லிக் குறைபட்டுக்கொள்வது? அதுதான் எனக்கு முதல் எரிச்சல்.

என் மாமியார் படுக்கையில் விழுந்தபோது கஞ்சி காய்ச்சியது நான். துணி அலசியது நான். பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து முதுகைத் துடைத்து பவுடர் போட்டது நான். அக்கா டூட்டி முடிந்து வந்து ஒரு ஊசி போட்டுவிட்டுப் போவாள். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் மாமியார் சொன்னது ஒன்றே ஒன்று: “மூத்தவ கை பட்டா ஊசி போட்டதே தெரியாது. அது கை இல்ல, பூவு.” நான் அடுப்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டே கஞ்சியைக் கிண்டுவேன்.

அதனால்தான் எங்கள் பாதியின் பழைய முகப்பையும் மாடியையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியபோது எனக்கு அத்தனை சந்தோஷம். மாமியார் அப்போது போய்ச் சேர்ந்திருந்தார். என் கணவர் திருத்தங்கலில் காலண்டர் அச்சடிக்கும் பிரஸ் ஒன்றில் மேனேஜர். அவருக்கு வீடு எப்படி இருந்தாலும் ஒன்றுதான். சீசன் சமயத்தில் வீட்டில் இருந்தால்தானே. பேங்க்கில் கடன் போட்டதும், சிவகாசியில் புதுப் பணக்காரர்கள் வீடுகளைப் பார்த்து எலிவேஷனைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். கறுப்பு கிரானைட், நீலக் கண்ணாடி, எஸ்.எஸ். பைப்பில் கைப்பிடி, ரிமோட்டில் திறக்கும் கேட். தெருவில் முதல் ரிமோட் கேட் எங்களுடையது.

இடிப்பதற்கு முன்னால் அக்காவையும் முறைக்குக் கேட்டோம். சேர்ந்து செய்தால் செலவு குறையும் என்றார் என் கணவர். அப்போது அத்தானுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, சிறுநீரகம் கெட்டு மதுரைக்கும் ஊருக்கும் அலைந்துகொண்டிருந்தார்கள்.

“இப்ப எங்களால முடியாதும்மா,” என்றாள் அக்கா. “நீங்க கட்டுங்க. நல்லா கட்டுங்க.”

வீடு பிரதிஷ்டைக்கு வந்தவர்கள் எல்லாரும் கிரானைட்டைத் தடவிப் பார்த்தார்கள். கேட் தானாகத் திறப்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். வெளியே வந்து நிமிர்ந்து பார்க்கும்போது இந்தப் பக்கம் என் வீடு பளபளவென்று நின்றது. அந்தப் பக்கம் காரை பெயர்ந்து, பாசி பிடித்து, மாடி வராந்தாவின் மரக் கம்பிகள் பல்லிளித்துக்கொண்டு அவள் வீடு நின்றது. அக்கா பந்தியில் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு பல வருஷம் எனக்கு அவள்மேல் ஒரு வருத்தமும் இருக்கவில்லை. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டுத் தெருமுனையில் திரும்பும்போதே இரண்டு வீடுகளும் சேர்ந்து கண்ணில் படும். அன்றைய களைப்பெல்லாம் போய்விடும்.

அத்தான் இறந்தார். அக்காவின் மகள் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போனாள். அக்கா ரிட்டயர் ஆகித் தனியாக இருந்தாள். அப்போதுதான் அந்தக் கேமரா வந்தது.

சில வாரத்தில் நகராட்சிக் கூடத்தில் தெருக்காரர்களுக்கு ஒரு கூட்டம் போட்டார்கள். கமிஷனர் ஒரு பெண், வயது குறைவுதான். ஊரில் மிச்சமிருக்கும் பழைய கட்டடங்களைக் காப்பாற்ற அரசாங்கத்தில் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்றார். பழைய மார்க்கெட் வளைவு, பயணியர் விடுதி, அப்புறம் எங்கள் தெருவில் சில வீடுகள். தெருவைப் பார்த்த முகப்பை நகராட்சியே பழைய முறையில் சுண்ணாம்பு வைத்துச் சரிசெய்து கொடுக்கும். வீட்டுக்காரர் அதற்கு அப்புறம் முகப்பை இடிக்கக் கூடாது, மாற்றக் கூடாது.

மிளகாய் வத்தல் கமிஷன் கடைக்காரர் எழுந்தார். “நம்ம வீட்டுல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் உங்ககிட்ட வந்து நிக்கணுமா? இது நல்லா இருக்கே!”

கூடமே சிரித்தது. ஒவ்வொருவராகச் சாக்குச் சொல்லத் தொடங்கினார்கள். மகனைக் கேட்கணும், தம்பியைக் கேட்கணும், பத்திரம் பேங்க்கில் இருக்கிறது. அக்கா பின்வரிசையிலிருந்து கையைத் தூக்கினாள், வகுப்பில் பிள்ளைகள் தூக்குவதுபோல.

“எங்க வீட்டு மாடி வராந்தா மழைக்கு ஒழுகுது. அதையும் பாப்பீகளா?”

“கண்டிப்பா பாப்போம்மா,” என்றார் கமிஷனர்.

“அப்ப எனக்குச் சம்மதம்.”

அவ்வளவுதான். கமிஷனர் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “முதல் ஆளா சம்மதம் சொல்லியிருக்காங்க, கை தட்டுங்க,” என்றார். சிரித்த கூட்டமே கை தட்டியது. நானும் தட்டினேன், தட்டாமல் இருந்தால் தெரிந்துவிடும்.

கூட்டம் கலையும்போது அந்த மதுரைப் பெண்ணைப் பிடித்தேன். “எங்க வீடும் அதே வீடுதாம்மா. ஒரே ஆளு கட்டுனது. ஒரே வயசு. எங்க வீட்டை மட்டும் ஏன் விட்டுட்டீங்க?”

அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். “உங்க பக்கம் ஒரிஜினலா எதுவும் மிச்சமில்லையே மேடம்.”

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே, “நல்லதுதான? அண்ணி கையில காசு இல்ல. கவர்மெண்டே செஞ்சு குடுக்குது,” என்றார்.

“நம்ம கடன் வாங்கிக் கட்டுனோம். அவுகளுக்குச் சும்மா கட்டிக் குடுக்காக.”

“நீதான இடிக்கணும்னு ஒத்தக் கால்ல நின்ன?” என்றார். ரசம் ஊற்றாமல் எழுந்து போய்விட்டேன்.

வேலை தொடங்கியது. சுண்ணாம்பு ஊறப்போடத் தொட்டி கட்டியது எங்கள் கேட்டுக்கு முன்னால். அக்கா வீட்டு வாசலில் சாரம் கட்டியிருந்ததால் அங்கே இடமில்லையாம். ரிமோட்டை அமுக்கினால் கேட் பாதி திறந்து தொட்டியில் முட்டி நின்றுவிடும். என் ஸ்கூட்டியைத் தெருவிலேயே விட்டுவிட்டு உள்ளே போவேன். கறுப்பு கிரானைட்மேல் வெள்ளைத் தூசி படிந்து, எத்தனை தடவை துடைத்தாலும் சாம்பல் பூத்தமாதிரியே இருந்தது. ஓவர்சியரிடம் போய்ச் சத்தம் போட்டேன். “கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்கங்க டீச்சர். உங்க குடும்பத்து வீடுதான,” என்றார்.

கொத்தனார்கள் காரைக்குடிப் பக்கத்து ஆட்கள். அக்கா அவர்களுக்கு இரண்டு வேளை டீ போட்டுக் கொடுத்தாள். ஒருத்தனுக்குச் சுண்ணாம்பு பட்டுக் கை வெந்தபோது கழுவிக் கட்டுப் போட்டுவிட்டாள். அதற்கப்புறம் அந்த வீட்டை அவர்கள் தங்கள் தாய் வீடு மாதிரி இழைத்தார்கள். மேலே இருந்த வெள்ளையைச் சுரண்டச் சுரண்ட உள்ளேயிருந்து ஒரு பச்சை வந்தது. நீலமும் இல்லாத பச்சையும் இல்லாத ஒரு நிறம், மயில் கழுத்தில் இருக்குமே, அது. தெருவே வந்து பார்த்தது. நான் மாடியிலிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எங்கள் பக்கத்திலும் அந்தப் பச்சை இருந்திருக்கும். டிராக்டரில் அள்ளிக்கொண்டு போனார்களே அந்த இடிபாட்டில்.

ஒருநாள் மூத்த கொத்தனார் சாரத்தில் நின்றபடி என்னைக் கூப்பிட்டார். கிளிக்கு மூக்கு வைத்துக்கொண்டிருந்தார்.

“டீச்சர், இது சோடிக் கிளி மாதிரி இருக்கே. அந்தப் பக்கத்துக் கிளி எங்க?”

“பறந்து போச்சு,” என்றேன்.

அவர் சிரித்தார். சாரத்தில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சாரம் பிரித்த அன்று எனக்கு வயிறு காந்தியது உண்மை. வேறு வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை. மாடி வராந்தாவின் மரக் கம்பிகள் எண்ணெய் குடித்து மின்னின. வளைவுகளில் பதித்த சிவப்பும் மஞ்சளுமான கண்ணாடிகளைத் துடைத்து மறுபடி வைத்திருந்தார்கள். அந்தப் பாதி வீடு, நூறு வருஷத்துத் தூக்கத்திலிருந்து எழுந்து முகம் கழுவி வந்ததுபோல் இருந்தது. பக்கத்தில் என் வீடு மொபைல் கடை மாதிரி இருந்தது. அதுவரை எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. ஒரே ராத்திரியில் என் வீடு அசிங்கமாகிவிட்டது. அதில் ஒரு செங்கல்கூட மாறியிருக்கவில்லை.

கலெக்டர் வந்து திறந்துவைத்தார். மறுநாள் பேப்பரில் மாவட்டப் பக்கத்தில் படம் வந்தது. அக்கா வெள்ளைச் சேலையில், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். படத்தை இடது ஓரத்தில் வெட்டியிருந்தார்கள். எங்கள் மாடியிலிருந்து இறங்கும் கழிவுநீர்க் குழாய் மட்டும் மிச்சம் தெரிந்தது. அதுதான் நாங்கள். ஸ்டாஃப் ரூமில் அந்தப் பேப்பரை எல்லாரும் கைமாற்றிப் பார்த்தார்கள்.

“உங்க வீடா டீச்சர்?”

“எங்க வீட்டுக்காரரோட அண்ணன் வீடு.”

“அப்ப உங்க வீடு எது?”

குழாயைக் காட்டவா முடியும்?

அந்தக் கோடை என்றுமில்லாத வெயில். நீலக் கண்ணாடி வழியாக வெயில் நேராக ஹாலுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பகலெல்லாம் ஏ.சி. ஓடியது. சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா மின்விசிறிகூடப் போடாமல் பாய் விரித்துத் தூங்கினாள். சுண்ணாம்புச் சுவர் குளுமை என்று வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம் சொன்னார்கள், எனக்கு அது தெரியாததுபோல.

அடுத்து வந்ததுதான் எனக்கு மிகவும் கஷ்டமானது. நகராட்சி எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் சொல்லியனுப்பியிருந்தது: பிள்ளைகளை அழைத்து வந்து ஊரின் பழைய கட்டடங்களைக் காட்டுங்கள் என்று. எங்கள் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார்.

“எட்டாம் வகுப்பைக் கூட்டிட்டுப் போங்க டீச்சர். உங்க குடும்பத்து வீடு. உங்களை மாதிரி யார் விளக்கிச் சொல்ல முடியும்?”

முடியாது என்று சொல்லக் காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. பிள்ளைகளை வரிசையாக நடத்தி, மார்க்கெட் வளைவைக் காட்டிவிட்டு, எங்கள் தெருவுக்குக் கூட்டி வந்தேன். பாதிப் பேருடைய அம்மாமார்கள் பட்டாசு ஆபீஸிலும் தீப்பெட்டி ஆபீஸிலும் வேலை பார்க்கிறவர்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பாடவேளையில் தெருவில் நடப்பதே ஒரு திருவிழா. அக்கா வீட்டு வாசலில் நிறுத்தினேன். என் சொந்த வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, சுண்ணாம்புச் சாந்து என்றால் என்ன, சுதை வேலை என்றால் என்ன, கீழே பஞ்சுப் பொதியை எப்படி அடுக்கினார்கள் என்று சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன். பாடம் எடுப்பதில் எனக்குப் பெயர் உண்டு.

முன்வரிசையில் ஒரு பெண் பிள்ளை, எதையும் கேட்டுவிடுகிறவள், என் தோளுக்குப் பின்னால் கையை நீட்டினாள்.

“மிஸ், இவ்வளவு அழகான வீட்டுக்குப் பக்கத்துல போய் இப்படிக் கட்டி வச்சிருக்காங்களே, அது யார் வீடு மிஸ்?”

என் வீட்டுக்கு டியூஷன் படிக்க வரும் சில பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. அதற்குள் அக்கா எலுமிச்சை ஜூஸ் பாத்திரத்தோடு வெளியே வந்துவிட்டாள். கேள்வி அவள் காதில் விழுந்திருந்தது.

“அதுவும் இதே வீடுதாம்மா,” என்றாள் அந்தப் பிள்ளையிடம். “இது ஒரு பாதி, அது ஒரு பாதி. அங்கன வெளிச்சம் நல்லா வரும். இங்கன பகல்லயே லைட்டுப் போடணும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு சௌகரியம். இந்தா, குடி.”

பிள்ளைகள் அவளைச் சுற்றிக்கொண்டன. ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினாள். அந்த ஜூஸ் எனக்கு இறங்கவில்லை. அவள் என்னைக் கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன். சிரித்திருந்தால்கூட மனசுக்குள் திட்டிவிட்டு மறந்திருப்பேன். என் பிள்ளைகள் முன்னால் என்னைக் காப்பாற்றினாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அப்புறம் கொஞ்சக் காலம் நான் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பார்த்தால் தலையசைப்பேன், அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை காலையில் நான் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது அக்கா வந்தாள். முட்டிவலி, சுவரைப் பிடித்து நடந்து வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“ஏம்மா, ஒண்ணு கேக்கணும்,” என்றாள்.

நான் கையைக் கழுவிக்கொண்டு திரும்பினேன். என் கல்யாணத்திலிருந்து அன்றுவரை அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. ஒரு டம்ளர் சீனிகூடக் கேட்டதில்லை.

நகராட்சி அவளுடைய கீழ்த்தளத்தை வாடகைக்குக் கேட்கிறதாம். பழைய கிட்டங்கியில் ஊரின் பழைய படங்கள், தராசு, பஞ்சு அமுக்கும் சாமான்கள் எல்லாம் வைத்து ஒரு காட்சிக்கூடம் மாதிரிச் செய்யப்போகிறார்களாம். இவள் மாடியில் இருந்துகொள்ளலாம். ஆனால் குளியலறை, கக்கூஸ் எல்லாம் கீழே பின்கட்டில். அது வருகிறவர்களுக்குப் போய்விடும். மாடியில் புதிதாகக் கட்டவும் முடியாது. பழைய மரத்தளம், தண்ணீர் புழங்கக் கூடாது என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார்.

“மக சென்னைக்கு வந்துருங்கிறா. எனக்கு அங்கன முடியாது. உங்க மாடியில பாத்ரூம் நடுச்சுவத்தை ஒட்டித்தான இருக்கு. சுவத்துல ஒரு கதவு மட்டும் வச்சுக்கிட்டா...” என்று நிறுத்தினாள். “உங்களுக்குத் தொந்தரவா இருந்தா வேண்டாம்மா. நான் அவுகளுக்கு முடியாதுன்னு சொல்லிருதேன்.”

அப்போது எனக்குள் வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? கலெக்டர் திறந்த வீடு, பேப்பரில் வந்த வீடு, பிள்ளைகள் அண்ணாந்து பார்த்த வீடு. அதற்குக் குளிக்க என் வீட்டுக்கு வர வேண்டியிருக்கிறது. டைல்ஸ் பதித்த, வெஸ்டர்ன் டாய்லெட் வைத்த, கைப்பிடி போட்ட என் பாத்ரூமுக்கு.

“அவுகளைக் கேட்டுச் சொல்லுதேங்க்கா,” என்றேன். கேட்க வேண்டிய அவசியமே இல்லை. எங்கள் வீட்டில் எதையும் என் கணவர் முடிவு செய்ததில்லை. அது அக்காவுக்கும் தெரியும். அவள் தலையாட்டிவிட்டு, மறுபடி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வாசல்வரை போனவளிடம், “மீன் குழம்பு குடுத்து விடுதேன்,” என்று சொன்னேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் கணவரிடம் சொன்னபோது, “கதவுதான? வச்சுக்கிட்டும்,” என்றார், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். ஆனாலும் அடுத்த ஞாயிறு சர்ச் முடியும்வரை நான் பதில் சொல்லவில்லை. எனக்கு அந்த வாரம் முழுக்க நல்ல தூக்கம்.

கதவு வைப்பதற்கும் நகராட்சி அனுமதி வேண்டியிருந்தது. என் பக்கத்துச் சுவரை நான் எப்போது வேண்டுமானாலும் உடைக்கலாம். அவள் பக்கத்தைத் தொட அனுமதி வேண்டும். ஒரே சுவர்! மதுரைப் பெண் மறுபடி வந்தாள். சுவரைத் தட்டிப் பார்த்தாள். “இந்தச் சுவர் வீட்டோட சேர்ந்தது இல்ல, பின்னால எழுப்பினதுதான். இதை எடுக்கிறதுல ஒண்ணும் ஆட்சேபனை இல்ல,” என்றாள். என் மாமனார் அண்ணன் தம்பிக்குள் சமாதானம் வேண்டிக் கட்டிய சுவரை, எதுவுமே இல்லை என்பதுபோல் அவள் சொல்லிவிட்டுப் போனாள்.

செங்கலை எடுக்க அரை நாள்கூட ஆகவில்லை. தூசி அடங்கியதும் நான் அந்த ஓட்டை வழியாக அந்தப் பக்கம் போனேன். தெருவிலிருந்து வாசல் வழியாகப் பலமுறை போயிருக்கிறேன். ஆனால் என் வீட்டு மாடியிலிருந்து அப்படியே நடந்து அந்த வராந்தாவுக்குள் போனது சுவர் எழும்பியதற்கு அப்புறம் அன்றுதான். மாலை வெயில் என் கண்ணாடியில் பட்டு, திறந்த சுவர் வழியாக அந்தத் தரையில் நீளமாக விழுந்தது. அக்கா அதைப் பார்த்தாள். “பாத்தியா, வெளிச்சம் வந்துருச்சு,” என்றாள். நான் தரையைப் பார்க்கவில்லை. தலைக்கு மேலே பச்சைச் சுவரும் செதுக்கிய உத்தரமும் ஓடி, என் பக்கத்துச் சுவரில் முட்டி நிற்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு அப்பால் எங்களுக்கு ஃபால்ஸ் சீலிங்.

இப்போது அக்கா தினமும் காலையில் தோளில் துண்டோடு என் வீட்டுக்குள் வருகிறாள். குளித்துவிட்டு என் அடுப்படியில் காபி குடிக்கிறாள். பேச்சு வளர்ந்துவிட்டது. ஒருநாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தோம். அவளிடம் கேட்டுவிட்டேன்.

“அக்கா, நாங்க இந்த வீட்டைக் கட்டுனப்ப, கிரானைட் எல்லாம் போட்டப்ப, உங்களுக்குக் கொஞ்சங்கூடப் பொறாமையா இல்லையா?”

அவள் கையில் இருந்த பூண்டை உரித்து முடித்தாள். உண்மையாகவே யோசித்தாள் என்பது முகத்தில் தெரிந்தது.

“அப்ப எனக்கு நைட் டூட்டிம்மா,” என்றாள். “காலையில வந்து அவருக்கு எல்லாம் செய்யணும். கட்டுனதையே நான் சரியாப் பாக்கல.”

எத்தனையோ வருஷம் நான் தெருமுனையில் திரும்பும்போது நிமிர்ந்து பார்த்து மனசு குளிர்ந்த அந்த முகப்பை, யாருக்காகக் கட்டினேனோ அவள் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. பூண்டுத் தோலை முறத்தில் அள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன். எரிச்சலா, சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை. கொல்லையில் நின்று கொஞ்ச நேரம் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

காட்சிக்கூடம் திறந்தாகிவிட்டது. சனி, ஞாயிறில் ஆட்கள் வருகிறார்கள், கோயம்புத்தூர், சென்னையிலிருந்துகூட. நகராட்சி போட்ட காவலாளிக்குக் கதவைத் திறக்கவும் பூட்டவும்தான் தெரியும். அக்கா மத்தியானத்தில் தூங்குவாள். யாராவது வந்து எதையாவது கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. அதனால் ஒருநாள் நான் இறங்கிப் போய்ச் சொன்னேன். அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. பொதியை வண்டியிலிருந்து இறக்கிய கப்பி, தரகர்கள் துணிக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசியது, எல்லாம் சொல்வேன். கேட்கிறவர்கள் வாய் பிளந்து நிற்பார்கள். என் கணவர் ஒருநாள் பின்னால் நின்று கேட்டுவிட்டு, “இதெல்லாம் எனக்கே தெரியாதே,” என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பம் பிள்ளைகளோடு வந்திருந்தது. பஞ்சுத் தராசைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். நல்ல இடத்துக்கு வந்திருந்தேன், எல்லாரும் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது மரப்படியில் சத்தம். அக்கா தூக்கம் கலைந்து, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். அவ்வளவுதான், எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

“இவங்கதான் வீட்டுக்காரம்மாவா? பேப்பர்ல பாத்தோம்!” என்றாள் அந்தக் குடும்பத்து அம்மா. “ஒரு ஃபோட்டோ எடுத்துக்கலாமா பாட்டி?”

அக்கா வழக்கம்போல் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். அவர்கள் அவளைச் சுற்றி நின்று செல்போனை நீட்டினார்கள். எனக்குள் அந்தப் பழைய காந்தல் சுள்ளென்று எழுந்தது. தராசுக் கோலைப் பிடித்தபடி நின்றேன். படம் எடுத்து முடித்ததும், வகுப்பில் சத்தம் போடும் குரலில் சொன்னேன்:

“எல்லாரும் இங்க வாங்க. நான் இன்னும் முடிக்கல.”

வந்தார்கள். அக்காவும் வந்து, பிள்ளைகளுக்குப் பின்னால் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கேட்கத் தொடங்கினாள்.